48.75-ஐ 50 ஆக்கியதால் வந்த வினை: பார்க்கின்சன் மருந்துக்கு பார்ட் டி பிளான் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி என் அப்பா. இந்தக் கதை தொடங்கிய 2024-இல் வயது 72. கலிஃபோர்னியாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 65 வயதில் மெடிகேரில், அதாவது மூத்தோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டில், சேர்ந்தபோது மூன்றாக எடுத்துக்கொண்டார்: அரசே நடத்தும் ஒரிஜினல் மெடிகேர், அது விட்டுவைக்கும் பாக்கியைக் கட்ட ஒரு மெடிகேப் பாலிசி, மருந்துக்குத் தனியாக ஒரு பார்ட் டி பிளான். அதற்கு இரண்டு வருடம் கழித்து 2019-இல் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்று உறுதியானது. இந்த வரிசை முக்கியம், ஏன் என்று பின்னால் வரும்.

மருந்துகள் மூன்று. ரசாஜிலின் தினமும் ஒன்று. அமன்டாடின் இரண்டு. இரண்டுமே ஜெனரிக், விலையில் பெரிய தொல்லை இல்லை. மூன்றாவது ரைட்டரி, 48.75-195 காப்ஸ்யூல் (ஒவ்வொன்றிலும் கார்பிடோபா 48.75, லீவோடோபா 195 மில்லிகிராம்), வேளைக்கு மூன்று, தினம் மூன்று வேளை. மாதத்துக்கு 270 காப்ஸ்யூல். எல்லாத் தலைவலியும் அந்த 270-இல்தான்.

ரைட்டரிக்குள் இருக்கும் மருந்து புதிதல்ல. லீவோடோபா அமெரிக்காவில் 1970-லேயே அனுமதி பெற்றது. துணை மருந்தான கார்பிடோபாவோடு சேர்த்துத் தருவதும் 1975-இலிருந்து நடக்கிறது. சாதாரண மாத்திரையாக வாங்கினால் மிக மலிவு. ஆனால் நோய் முற்ற முற்ற மாத்திரையின் வேலைநேரம் குறுகிக்கொண்டே போகும். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆகி, ஒரு மாத்திரை இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் ஆள் உறைந்துபோவார். வீட்டில் அதற்கு ‘ஆஃப்’ என்றுதான் பெயர். அப்பா சமையலறை வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்பார். “தரையில பசை போட்ட மாதிரி இருக்கு” என்பார்.

ரைட்டரி காப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய மணிகள் இருக்கும். அவை ஒரே நேரத்தில் கரையாமல் விட்டுவிட்டுக் கரைவதால் மருந்து ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கிறது. மருந்து பழசுதான், கரையும் விதத்துக்குத்தான் விலை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கண்ணில் இது அரை நூற்றாண்டு பழைய மருந்தின் விலை கூடிய வடிவம். அப்பாவுக்கோ நாளில் மூன்று மணி நேரம் கூடுதலாக நடமாட முடிவது.

நான் செய்த தவறு

2024 அக்டோபரில் அப்பாவின் பழைய பார்ட் டி பிளான் அடுத்த ஆண்டுக்கான பிரீமியத்தை ஏற்றியது. சரி, மாற்றிவிடலாம் என்று ஒரு இரவு மெடிகேர் இணையதளத்தின் பிளான் தேடும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதில் மருந்தின் பெயர், வீரியம், மாதத்துக்கு எத்தனை என்று உள்ளிட்டால், அந்தப் பகுதியில் கிடைக்கும் ஒவ்வொரு பிளானிலும் வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று காட்டும். நல்ல கருவி. குறை கருவியில் இல்லை.

குப்பி அப்பா வீட்டில் இருந்தது. நான் என் வீட்டில். நினைவிலிருந்து “கார்பிடோபா-லீவோடோபா” என்று தட்டினேன். கீழே ஒரு பட்டியல் விரிந்தது: மாத்திரை, வாயில் கரையும் மாத்திரை, ஈஆர் மாத்திரை, ஈஆர் காப்ஸ்யூல். மெதுவாக விடுபடும் வகைக்குத்தான் ஈஆர் என்று பெயர், அது தெரியும். முதலில் கண்ணில் பட்ட ஈஆர் மாத்திரையைத் தேர்ந்தேன். வீரியம் கேட்டது. 25-100, 50-200 என்று இரண்டு இருந்தன. அப்பாவுடையது 48.75-195 என்று நினைவு. அது கிட்டத்தட்ட 50-200 தானே? போட்டேன்.

திரையில் வந்த பிளான்களில் ஒன்று மாதத்துக்குச் சில டாலர் பிரீமியத்தில், மருந்துச் செலவும் சில டாலரில் இருந்தது. பெருமையாக அப்பாவுக்குப் போன் செய்து, பழைய பிளானைவிட வருடத்துக்கு அறுநூறு டாலர் மிச்சம் என்றேன். டிசம்பர் 7-க்குள் சேர்த்தும்விட்டேன். ஈஆர் மாத்திரையும் ரைட்டரியும் வேறு வேறு மருந்துப் பொருள்கள், மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றிக்கொள்ளவே கூடாது என்று அந்தக் குப்பியோடு வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. யார் படித்தார்கள்.

2025 ஜனவரி இரண்டாம் வாரம் ஃபார்மசி கவுன்ட்டரில் இருந்த பெண் திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, “இது உங்கள் பிளானின் பட்டியலில் இல்லையே” என்றார். பிளான் பணம் தர ஒப்புக்கொண்ட மருந்துகளின் பட்டியலைச் சொன்னார்.

உச்சவரம்பு எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

2022-இல் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி, 2025 முதல் பார்ட் டி-யில் நோயாளி தன் கையிலிருந்து கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-இல் 2,000 டாலர், 2026-இல் 2,100 டாலர். அதைத் தொட்டபின் அந்த ஆண்டு முழுக்க மருந்துக்குச் சல்லிக்காசு கட்ட வேண்டாம். எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி, “இனி எந்த பிளான் எடுத்தாலும் ஒன்றுதான், பிரீமியம் குறைவானதைப் பாருங்கள்” என்று சுற்றியது. நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

அதில் பாதி உண்மை. மருந்து மாதத்துக்கு 1,500 டாலர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 2025-இல் டிடக்டிபிள், அதாவது பிளான் கொடுக்கத் தொடங்குமுன் நோயாளி கட்ட வேண்டிய தொகை, அதிகபட்சம் 590 டாலர். அதைக் கட்டியபின் நோயாளியின் பங்கு 25 சதவீதம் என்றால் ஜனவரியில் 817.50 டாலர், அடுத்த மூன்று மாதம் 375 டாலர் வீதம், மே மாதம் 57.50 டாலர், அத்தோடு முடிந்தது. இன்னொரு பிளான் அதே மருந்தை மேல் அடுக்கில் (நோயாளியின் பங்கு கூடிய விலைப் பிரிவில்) வைத்து 50 சதவீதம் கேட்கிறது என்றால் ஜனவரியில் 1,045, பிப்ரவரியில் 750, மார்ச்சில் 205, அத்தோடு முடிந்தது. இரண்டிலும் மொத்தம் அதே 2,000. ஆக, விலை கூடிய மருந்து சாப்பிடுகிறவருக்கு மருந்து எந்த அடுக்கில் இருக்கிறது என்பது முன்பு போலப் பெரிய விஷயம் இல்லை. பணம் எந்த மாதத்தில் போகிறது என்பது மட்டும்தான் மாறுகிறது. அதையும் மாதாமாதம் பிரித்துக் கட்ட 2025-இலிருந்து வட்டியில்லாத் தவணை ஏற்பாடு இருக்கிறது. பிளானிடம் கேட்டுச் சேர வேண்டும், வருடத் தொடக்கத்திலேயே சேர்ந்தால் பயன் அதிகம்.

மறுபாதி: உச்சவரம்பு பட்டியலில் உள்ள மருந்துக்கு மட்டும். பட்டியலில் இல்லாத மருந்தை நீங்களே காசு கொடுத்து வாங்கினால் அதில் ஒரு டாலர்கூட 2,000 கணக்கில் ஏறாது. அதே கணக்கில் வருடத்துக்கு 18,000 டாலர். பிரீமியமும் வரம்புக்குள் வராது, ஆனால் 18,000-க்கு முன்னால் பிரீமியம் எந்த மூலைக்கு?

ஒவ்வொரு மருந்து வகையிலும் குறைந்தது இரண்டு மருந்துகளாவது பட்டியலில் இருக்க வேண்டும் என்பது பார்ட் டி விதி. ஆறு வகைகளுக்கு மட்டும் ஏறத்தாழ எல்லா மருந்தையும் வைத்தாக வேண்டும்: வலிப்பு, மனச்சோர்வு, மனப்பிறழ்வு, புற்றுநோய், எச்ஐவி ஆகியவற்றுக்கான மருந்துகள், உறுப்பு மாற்றியவர்களுக்கான எதிர்ப்பாற்றல் அடக்கிகள். பார்க்கின்சன் அந்த ஆறில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பார்க்கின்சன் முற்றி மாயத்தோற்றங்கள் வரும்போது கொடுக்கும் பிமவான்செரின் மனப்பிறழ்வு மருந்து என்பதால் அது பாதுகாக்கப்பட்ட வகையில் வந்துவிடுகிறது. ஆளை நடக்க வைக்கும் மருந்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்பா எடுத்த மலிவு பிளானின் பட்டியலில் சாதாரண மாத்திரை, ஈஆர் மாத்திரை, லீவோடோபாவின் வேலைநேரத்தை நீட்டும் என்டகபோன் சேர்ந்தது எல்லாம் இருந்தன. விதிப்படி அவர்கள்மேல் குற்றமே இல்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை

பிளானை உடனே மாற்றலாமே என்றால் முடியாது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் ஜன்னல் திறந்திருக்கும். குறைந்த வருமானக்காரர்களுக்கான உதவி பெறுகிறவர்கள், வேறு ஊருக்குக் குடிபெயர்கிறவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. மருந்து நிறுவனத்தின் தள்ளுபடி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் மெடிகேர்காரர்களுக்குச் செல்லாது என்றிருந்தது.

நல்லவேளையாக அந்த ஃபார்மசிப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. புதிதாகச் சேர்ந்தவர், ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்து பட்டியலில் இல்லையென்றால், முதல் 90 நாளுக்குள் ஒரு முறை ஒரு மாத மருந்தை பிளான் கொடுத்தாக வேண்டும். இடைக்கால நிரப்பு என்று சொல்லலாம். அவரே பிளானுக்குப் போன் செய்து வாங்கிக் கொடுத்தார். 270 காப்ஸ்யூல், முப்பது நாள் அவகாசம். அப்பா பையை வாங்கிக்கொண்டு, “அடுத்த மாசம்?” என்றார். எனக்குப் பதில் இல்லை.

அடுத்த வழி விதிவிலக்கு கேட்பது. பட்டியலில் உள்ளவை இவருக்குப் பலன் தராது அல்லது கெடுதல் செய்யும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் பிளான் முடிவு சொல்ல வேண்டும். உடல்நிலைக்கு ஆபத்து என்று டாக்டர் குறிப்பிட்டால் 24 மணி நேரம்.

முதல் முறை டாக்டர் அலுவலகத்தில் யாரோ படிவத்தில் கட்டங்களை டிக் செய்து ஃபேக்ஸ் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மறுப்பு வந்தது: “பட்டியலில் உள்ள மாற்று மருந்துகளை முயன்றதற்குப் போதிய விவரம் இல்லை.” அந்த மாற்றுகளின் பெயர்களும் இருந்தன. ஈஆர் மாத்திரை, என்டகபோன் சேர்ந்த மாத்திரை. இரண்டையும் அப்பா 2021-லும் 2022-லும் சாப்பிட்டுப் பார்த்துத்தான் ரைட்டரிக்கு வந்தார். ஆனால் அது படிவத்தில் எங்கே இருக்கிறது?

மேல்முறையீட்டில் இரண்டு பேர் காப்பாற்றினார்கள். ஒருவர் அம்மா. 2022-இல் மருந்து மாற்றியபோது டாக்டர் சொன்னார் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் அரை மணிக்கொரு முறை எழுதிவைத்திருந்தார். “7.30 நல்லா. 8.00 நல்லா. 8.30 கை நடுக்கம். 9.00 நிக்க முடியல.” இப்படி ஆறு வாரம். எண்ணிப் பார்த்தபோது பழைய மாத்திரையில் விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தரை மணி நேரம் ஆஃப், ரைட்டரியில் இரண்டரை. அது அம்மா கையெழுத்தில் இருந்த கணக்கு, எந்த ஆராய்ச்சியும் இல்லை. ஆனால் அந்த நோட்டின் நகலுக்கு இருந்த கனம் வேறு எதற்கும் இல்லை.

இன்னொருவர் டாக்டர். இந்த முறை அவரே எழுதினார். எந்த மருந்து, எவ்வளவு வீரியம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன ஆனது என்று மருந்துக்கு ஒரு வரி. என்டகபோனில் வயிற்றுப்போக்கு. ஈஆர் மாத்திரை எப்போது ஏறும் என்றே தெரியாமல் இரண்டு முறை விழுந்தது. கடைசியில், மருந்தை மாற்றினால் மறுபடி விழும் அபாயம் உண்டு, ஆகவே அவசர மேல்முறையீடு. அவசரம் என்றால் 72 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். இரண்டாம் நாளே சம்மதம் வந்தது, டிசம்பர் 31 வரை. வந்தபோது டப்பாவில் நான்கு நாள் மருந்து மீதி.

விதிவிலக்கில் அனுமதித்தால் அந்த மருந்து பட்டியலில் உள்ளதாகவே கணக்காகும், கட்டுவது உச்சவரம்பில் ஏறும். ஆனால் அப்படி வாங்கிய மருந்துக்கு அடுக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்க முடியாது. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஏப்ரலில் கவுன்ட்டரில் பூஜ்யம் என்று வந்தபோது அப்பா நம்பாமல் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

2026-க்குத் தேர்ந்தெடுத்தது

அனுமதி டிசம்பரோடு முடிவதால் 2025 அக்டோபரில் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இந்த முறை அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாக் குப்பிகளையும் வரிசையாக நிறுத்தி, லேபிளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதினோம். பிராண்டா ஜெனரிக்கா, மாத்திரையா காப்ஸ்யூலா, வீரியம், மாத எண்ணிக்கை. அந்தத் தாளோடு ஹைகேப் ஆலோசகரிடம் போனோம். மெடிகேர்காரர்களுக்கு இன்சூரன்ஸ் ஆலோசனை சொல்ல ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச சேவை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதன் பெயர் ஹைகேப். விற்பனை, கமிஷன் எதுவும் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பேசுகிறவர்.

மூன்று பிளான்கள் மிஞ்சின. ஒன்று பிரீமியம் மிகக் குறைவு, ரைட்டரி பட்டியலில் இல்லை. அதை அவர் பேச்சே எடுக்காமல் அடித்தார். இரண்டாவதில் ரைட்டரி உண்டு, ஆனால் முன் அனுமதி வேண்டும்: மருந்து ஏன் தேவை என்று டாக்டர் எழுதி பிளானின் சம்மதத்தை முதலிலேயே வாங்க வேண்டும். மூன்றாவதில் உண்டு, முன் அனுமதி வேண்டாம், பிரீமியம் மாதம் 25 டாலர் கூடுதல், ஆனால் மாதத்துக்கு 270 காப்ஸ்யூல் என்ற வரம்பு.

நான் மூன்றாவதன் பக்கம் சாய்ந்தேன். ஜனவரியில் பட்ட பாட்டுக்குப் பின் அனுமதி என்ற சொல்லைக் கேட்டாலே அலர்ஜி. 270 தானே அப்பா சாப்பிடுவதும். அந்தப் பெண்மணி பென்சிலால் அந்த எண்ணைத் தட்டி, “இது இன்றைய கணக்கு. அடுத்த ஜூலையிலும் இதேதானா?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. பார்க்கின்சனில் மருந்தின் அளவு ஒரே இடத்தில் நிற்காது. வருடத்துக்கு ஒருமுறையாவது டாக்டர் ஏற்றுவார். இன்றைய அளவுக்குச் சரியாகத் தைத்த சட்டை நாளை போதாது, அப்போது வரம்பைத் தாண்ட மறுபடி விதிவிலக்குப் படலம். முன் அனுமதிக்கோ எங்களிடம் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது: டாக்டரின் கடிதம், அம்மாவின் நோட்டு, மேல்முறையீட்டில் வென்ற தாள். இரண்டாவதை எடுத்தோம். பதினைந்து நிமிட வேலையில் டாக்டர் அலுவலகம் அதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்ப, ஜனவரி முதல் வாரமே அனுமதி வந்தது. தடையில்லாப் பட்டியல்தான் சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் எந்தத் தடையைத் தாண்ட நம்மிடம் ஏற்கெனவே ஏணி இருக்கிறது என்பதே முடிவு செய்தது.

நண்பர் ஒருவர், ஒரிஜினல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் பிரீமியமே இல்லாத ஒரு பிளானுக்கு மாறச் சொல்லி மன்றாடினார். அதில் மருந்தும் சேர்ந்தே வரும். சிலருக்கு அது நல்ல வழிதான். ஆனால் அட்வான்டேஜுக்கு மெடிகேப் பொருந்தாது, அப்பாவின் பாலிசியைக் கைவிட வேண்டியிருக்கும். பார்ட் பி-யில் (மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளிச் செலவுகளுக்கான பகுதி) சேர்ந்த முதல் ஆறு மாதம்தான் மெடிகேப் நிறுவனம் நோயைக் கேட்காமல் கொடுத்தாக வேண்டிய காலம். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் நோயைக் காட்டி மறுக்கலாம். அப்பா 2017-இல் எடுத்ததும் நோய் 2019-இல் வந்ததும் அதிர்ஷ்டம். அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்னால் திரும்பி வர நினைத்தால் கதவு திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மருந்துக்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பார்க்கின்சனுக்கென்றே படித்த நரம்பியல் டாக்டர் அந்த பிளான் ஏற்கும் டாக்டர்களின் நெட்வொர்க்கில் இல்லை என்று ஆனாலும் சங்கடம்தான்.

மெடிகேப்பைக் கைவிடாததன் அருமை நாங்கள் எண்ணியதைவிட சீக்கிரம் தெரிய வந்துவிட்டது. போன மாதம் டாக்டர், இன்னும் ஒரு வருடத்தில் பம்ப் பற்றி யோசிக்கலாம் என்றார். லீவோடோபா வகை மருந்தைத் தோலுக்கடியில் 24 மணி நேரமும் செலுத்தும் கருவி, 2024 அக்டோபரில் இங்கே அனுமதி பெற்றது. பம்ப் வழியாகப் போகும் மருந்துகள் பொதுவாகக் கருவியோடு சேர்த்து பார்ட் பி-யின் கணக்கில் போகும். அங்கே 2,100 டாலர் வரம்பு இல்லை. நோயாளியின் பங்கு 20 சதவீதம், அதை மெடிகேப் இருந்தால் அது பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த மருந்துத் தாளை எடுத்தார். இப்போதெல்லாம் அவர் எழுத்து வரி போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகிறது. அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்கு எழுதியிருந்தார்: “பம்ப். பார்ட் பி. பாலிசிகாரனுக்குப் போன் பண்ணிக் கேட்கணும்.”